சாலையோர விளம்பரமும் அதன் வரவு செலவுக் கணக்கும்

விளைபொருளை உண்டாக்குவது ஒரு தொழில்; அதனை வாங்குவோர் கண்ணில் படும்படி செய்வது மற்றொரு தொழில். முன்னதில் நம் விவசாயிகளுக்குப் பல தலைமுறை அனுபவம் உண்டு. பின்னதில் அவர்கள் அண்மையில்தான் காலெடுத்து வைத்திருக்கின்றனர். 2020-ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை ஏற்படுத்தும் திட்டத்தைத் துவக்கிய பின்னர், செக்கெண்ணெய், பாரம்பரிய நெல்லரிசி, சிறுதானிய மாவு, நாட்டுச் சர்க்கரை முதலிய பண்டங்களை விவசாயிகள் கூட்டாகத் தங்கள் பெயரிலேயே விற்பது பெருகி வருகிறது. விற்பனை என்றவுடன் விளம்பரமும் கூடவே வருகிறது. அந்த விளம்பரச் செலவில் பெரும் பங்கை விழுங்கக்கூடியது பெருஞ்சாலை ஓரத்தில் நிறுத்தப்படும் பெரிய பலகை. அதற்குக் கொடுக்கும் பணத்துக்கு என்ன பலன் கிடைக்கிறது என்று அளந்து பார்க்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் வேரூன்றவில்லை. அதைப் பற்றியே இங்குச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

மேற்கூறிய திட்டத்தின்படி ஒரு நிறுவனத்துக்கு நிர்வாகச் செலவின் பொருட்டு மூன்று ஆண்டுகளில் அதிகபட்சமாக 18 லட்சம் ரூபாய் உதவியாக வழங்க வகை செய்யப்பட்டது. உறுப்பினர் செலுத்தும் பங்குத் தொகைக்கு ஈடாக, ஒருவருக்கு 2,000 ரூபாய்க்கு மேற்படாமலும், நிறுவனம் ஒன்றுக்கு 15 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமலும் பங்கு மானியம் உண்டு. உறுப்பினரின் பங்குத் தொகையோ, பால் ஊற்றிய காசிலும் ஆடு விற்ற காசிலும் மிச்சம் பிடித்துக் கொடுத்தது. மாதம் முப்பதாயிரம் ரூபாய் வாடகைக்கு ஒரு பலகையை ஓராண்டுக்கு எடுத்தால் வாடகை மட்டும் 3 லட்சத்து 60 ஆயிரம் ஆகிறது. இதனை எடைபோடாமல் செலவிடுவது, மண்ணைச் சோதிக்காமல் உரம் கொட்டுவதைப் போன்றதே.

பலகைக்காரரின் கணக்கு

பலகையை வாடகைக்கு விடுவோர் சொல்லும் கணக்கு மிகச் சுருக்கமானது. இச்சாலையில் நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள் போகின்றன. வண்டிக்கு இத்தனை பேர். ஆகவே மாதத்துக்கு இத்தனை லட்சம் பேர் உங்கள் பெயரைப் பார்க்கின்றனர். வாடகையை வகுத்தால் ஆயிரம் பேருக்கு ஆகும் செலவு சில ரூபாயே என்பர். விளம்பரத் தொழிலில் 'ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு செலவு' என்பதே உலகமெங்கும் வழங்கும் அளவை. அளவையில் குற்றமில்லை. எதனைப் பார்வை என்று எண்ணுகிறோம் என்பதில்தான் சங்கடம் இருக்கிறது.

பெய்த மழை முழுவதும் பயிரின் வேருக்குப் போய்ச் சேர்வதில்லை என்பது விவசாயிக்கு நன்கு தெரியும். ஒரு பகுதி வழிந்தோடும். ஒரு பகுதி ஆவியாகும். எஞ்சியதே பயிருக்கு உதவும் மழை. சாலையில் செல்லும் கூட்டமும் அத்தகையதே. அதில் எத்தனை பேர் பலகை முகம் காட்டும் திசையில் வருகின்றனர்? எத்தனை பேர் வெளிச்சமுள்ள வேளையில் வருகின்றனர்? எத்தனை பேர் தலை நிமிர்ந்து பார்க்கின்றனர்? பார்த்தவருள் எத்தனை பேர் நம் சரக்கை வாங்கக்கூடிய தூரத்தில் வசிக்கின்றனர்? இந்நான்கு வினாக்களையும் கடந்து நிற்போரின் தொகையே நாம் விலை கொடுக்க வேண்டிய தொகை.

விற்பவர் சொல்லும் எண்ணை வாங்குபவர் அப்படியே ஏற்கலாகாது என்பதை மற்ற நாட்டினர் வெகு நாட்களுக்கு முன்பே உணர்ந்தனர். அமெரிக்காவில் விளம்பரம் செய்வோரும், விளம்பர முகவர்களும், பலகை உடையோரும் ஒன்றுகூடி 1933-ஆம் ஆண்டில் 'டிராபிக் ஆடிட் பீரோ' என்ற தணிக்கைக் கழகத்தை நிறுவினர். பலகையைக் கடந்து செல்லும் போக்குவரத்தை நடுநிலையில் நின்று எண்ணித் தருவது அதன் வேலை. நெடுங்காலம் கடந்து செல்வோரையே எண்ணிவந்த அக்கழகம், 2009-ஆம் ஆண்டில் பலகையை உண்மையில் கவனிப்போரைக் கணிக்கும் புதிய முறையைக் கொண்டுவந்தது. 2016-ஆம் ஆண்டில் அது 'ஜியோபாத்' எனப் பெயர் மாற்றிக்கொண்டது. இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டில் ஏற்பட்ட 'போஸ்டார்' என்ற அளவை முறைக்குப் பின், 2013-ஆம் ஆண்டில் 'ரூட்' என்ற முறை வந்தது. தெரிந்தெடுத்த மக்களிடம் இருப்பிடம் காட்டும் சிறு கருவியைக் கொடுத்து, அவர்கள் எந்தப் பலகைகளைக் கடந்தனர் என்று இதில் கணக்கிடுகின்றனர். நம் நாட்டிலும் பத்திரிகைகளின் விற்பனையைத் தணிக்கை செய்ய 1948-ஆம் ஆண்டிலேயே ஒரு கழகம் ஏற்பட்டது. ஆனால் ஒரு கிராமத்துச் சுவருக்கோ, கிளைச்சாலைப் பலகைக்கோ யாரும் வந்து கணக்கு எடுத்துத் தரப்போவதில்லை. அதை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். அது அரிய வித்தையுமன்று.

கணக்கு எடுக்கும் முறை

சாலைப் போக்குவரத்தை எண்ணுவதற்கு இந்திய ரஸ்தா காங்கிரஸ் 1972-ஆம் ஆண்டில் விதிகள் வகுத்து வெளியிட்டது. நகருக்கு வெளியேயுள்ள சாலைகளில் ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் தொடர்ந்து 7 நாட்கள், இரவு பகலாக எண்ண வேண்டும் என்பது அவ்விதி. ஒருமுறை அறுவடையும் சந்தையும் மும்முரமாக உள்ள பருவத்திலும், மற்றொரு முறை மந்தமான பருவத்திலும் எண்ண வேண்டும் என்றும் அதில் கண்டிருக்கிறது. நம் கிராமச் சாலைகளில் போக்குவரத்தின் ஏற்றமும் இறக்கமும் களத்துமேட்டைப் பொறுத்தவை என்பதை அவ்விதியை வகுத்தோர் நன்கு அறிந்திருந்தனர் போலும். அறுப்புக் காலத்தில் ஒருநாள் எண்ணி அதையே ஆண்டு முழுமைக்கும் பெருக்கிக் காட்டுவது நேர்மையான கணக்காகாது.

சிறிய நிறுவனத்தால் ஏழு நாள் இரவும் பகலும் ஆட்களை நிறுத்த இயலாது. சந்தை நாள் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று, சாதாரண நாள் ஒன்று என மூன்று நாட்கள், காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை, ஒரு நோட்டுப் புத்தகத்துடன் இரண்டு இளைஞர்களை மாற்றி மாற்றி உட்கார வைத்தால் போதும். பலகையின் முகத்தை நோக்கி வருவோரை மட்டும் எண்ண வேண்டும். நடப்போர், சைக்கிள், இருசக்கர வண்டி, கார், வேன், பஸ் என்று தனித்தனிப் பத்தியில் குறித்து, வண்டியில் உள்ளோரையும் கண்ணால் மதிப்பிட்டு எழுத வேண்டும். சாதாரண நாளின் தொகையை ஐந்தால் பெருக்கி, மற்ற இரு நாட்களின் தொகையையும் கூட்டி, ஏழால் வகுத்தால் நாள் சராசரி கிடைக்கும்.

அடுத்து, பார்க்கும் நேரத்தைக் கணிக்க வேண்டும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் 25 மீட்டர் கடக்கிறது. எழுத்து 100 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கத்தக்கதாயின், காரில் செல்பவருக்குக் கிடைப்பது நான்கு விநாடி. அதற்குள் நிறுவனத்தின் பெயர், ஐந்து பண்டங்கள், மூன்று தொலைபேசி எண்கள், இயக்குநர்களின் உருவப்படங்கள் யாவற்றையும் அவர் படித்துவிடுவார் என்று எதிர்பார்ப்பது வீண். பஸ் நிறுத்தத்தின் எதிரே உள்ள சுவரையோ, பஸ்ஸுக்காகக் காத்திருப்பவர் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஓர் உதாரணம்

விஷயத்தைத் தெளிவாக்க ஓர் உதாரணக் கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்கு விளங்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவையே. அந்தந்த ஊரில் எண்ணிப் பார்த்து மாற்றிக்கொள்க.

பெருஞ்சாலையில் ஒரு பலகை. வாடகையும் துணி அச்சிட்டு மாட்டும் கூலியும் சேர்ந்து மாதம் 36,000 ரூபாய். நாளொன்றுக்கு இரு திசையிலும் 20,000 வண்டிகள், வண்டிக்கு இருவர். பலகைக்காரரின் கணக்குப்படி நாளைக்கு 40,000 பேர், மாதம் 12 லட்சம் பார்வை. ஆயிரத்துக்கு 30 ரூபாய். இனி நம் வினாக்களைக் கேட்போம். முகம் காட்டும் திசையில் வருவோர் பாதி. மாதம் 6 லட்சம் ஆயிற்று. விளக்கில்லாத பலகையாதலால் இரவில் செல்லும் கால் பங்கைத் தள்ளினால் 4 லட்சத்து 50 ஆயிரம். தலை நிமிர்ந்து பார்ப்பவர் மூன்றில் ஒருவர் என்றால் 1 லட்சத்து 50 ஆயிரம். பார்த்தவருள் நம் சரக்கு கிடைக்கும் ஊர்களில் வசிப்போர் பத்தில் ஒருவர் என்றால் 15,000. அப்பொழுது பயனுள்ள ஒரு பார்வைக்கு நாம் கொடுக்கும் விலை 2 ரூபாய் 40 காசு. ஆயிரத்துக்கு 30 ரூபாய் என்று சொன்னது 2,400 ரூபாய் ஆகிவிட்டது.

சந்தைக்குச் செல்லும் கிளைச்சாலையில் ஒரு சுவர். எழுதும் செலவு 6,000, சுவருக்கு உரியவருக்கு ஆண்டு வாடகை 6,000, ஆக ஆண்டுக்கு 12,000. மாதம் 1,000 ரூபாய். நாளொன்றுக்கு அதன் எதிரே வருவோர் 600 பேர், மாதம் 18,000. பலகைக்காரர் முறையில் வகுத்தால் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 56 ரூபாய். பெருஞ்சாலைப் பலகையைவிட விலை அதிகம் என்று தோன்றும். ஆனால் மெதுவாகச் செல்லும் இச்சாலையில் பாதிப் பேர் பார்க்கின்றனர். பார்ப்பவருள் பாதிப் பேர் நம் கடைக்கு வரக்கூடியவர்கள் என்று கொள்வோம். பயனுள்ள பார்வை மாதம் 4,500. ஒன்றுக்கு விலை 22 காசு. முன்னதைக் காட்டிலும் இது ஏறத்தாழப் பதினொரு மடங்கு மலிவு. ஒரே சாலைக் கணக்கை ஒரு முறையில் பார்த்தால் பலகை மலிவு. மறு முறையில் பார்த்தால் சுவர் மலிவு. எந்த முறையில் பார்ப்பது என்பதை விற்பவரிடம் விட்டுவிடலாகாது என்பதே இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம்.

இங்கே சுவருக்கு எதிராகச் சொல்ல வேண்டியதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பார்வைகளின் தொகை வேறு, பார்த்த ஆட்களின் தொகை வேறு. ஒருவரே மாதத்தில் பத்து முறை பார்த்தால் பார்வை பத்து, ஆள் ஒருவரே. சுவரின் 4,500 பார்வையும் 450 பேர் பத்துப் பத்து முறை பார்த்ததாக இருக்கலாம். பலகையின் 15,000 பார்வை 3,000 பேர் ஐந்தைந்து முறை பார்த்ததாக இருக்கலாம். ஆகவே ஒற்றைச் சுவரால் ஒரு வட்டாரம் முழுவதையும் எட்ட முடியாது. ஆனால் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் படியாத ஏழு வெவ்வேறு கிராமங்களில் ஏழு சுவர்கள் எழுதினால் 3,150 பேரை எட்டலாம். செலவு மாதம் 7,000 ரூபாய். பலகைச் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

சரக்கு விற்றதா என்பதே முடிவான அளவு

பார்வையை எண்ணுவதோடு நின்றுவிடலாகாது. பார்த்தவர் வந்து வாங்கினாரா என்று அறிந்தாலன்றிக் கணக்கு முற்றுப்பெறாது. இதற்கு அமெரிக்க நாட்டுச் சரித்திரத்தில் ஓர் அழகிய சான்று உண்டு. மினசோட்டா மாகாணத்தில் 'பர்மா-ஷேவ்' என்ற சவரக் களிம்பைச் செய்த ஓடல் குடும்பத்தார், 1925-ஆம் ஆண்டில், மினியாபொலிஸ் நகரிலிருந்து ஆல்பர்ட் லீ, ரெட் விங் என்ற ஊர்களுக்குச் செல்லும் சாலைகளின் ஓரத்தில், பழைய மரப்பலகைகளில் எழுதிச் சிறு விளம்பரங்களை வரிசையாக நட்டனர். பிற்காலத்தில் ஆறு பலகைகளில் ஒரு வேடிக்கைப் பாட்டைத் துண்டு துண்டாக எழுதுவது அவர்கள் வழக்கமாயிற்று. மணிக்கு 35 மைல் வேகத்தில் செல்லும் வண்டிக்குப் பலகைக்கும் பலகைக்கும் இடையே மூன்று விநாடி; ஆறையும் படிக்கப் பதினெட்டு விநாடி. இடமெல்லாம் பெரும்பாலும் சாலையோர விவசாயிகளின் நிலம். வாடகையும் அவர்களுக்கே சென்றது.

நாம் கவனிக்க வேண்டியது பாட்டையன்று. பலகை நட்ட சில மாதங்களில், அதுவரை ஒருமுறை வாங்கியதோடு நின்றிருந்த மருந்துக் கடைக்காரர்களிடமிருந்து மறுமுறை சரக்குக் கேட்டுக் கடிதங்கள் வந்தன. அக்கடைகள் பலகை நின்ற சாலைகளை ஒட்டியே இருந்தன. எத்தனை வண்டி போயிற்று என்று எண்ணாமலே, எந்தச் சாலையில் பலகை பலித்தது என்பதைச் சரக்குப் புத்தகம் அவர்களுக்குக் காட்டிவிட்டது. இரு சாலைகளில் சிறு செலவில் சோதித்துப் பார்த்த பின்னரே அவர்கள் மற்ற மாகாணங்களுக்கு விரிந்து சென்றனர். வண்டிகளின் வேகம் மிகுந்து, 1963-ஆம் ஆண்டில் கம்பெனியும் கைமாறியபோது அப்பலகைகள் நீக்கப்பட்டன.

இம்முறை நம் இலாகாவுக்குப் புதிதன்று. புதிய உரத்தைச் சோதிக்கும்பொழுது ஒரு பாத்திக்கு உரமிட்டு, அடுத்த பாத்தியை உரமிடாமல் விட்டு, இரண்டின் மகசூலையும் ஒப்பிடுகிறோம். விளம்பரத்தையும் அவ்வாறே சோதிக்கலாம். ஒத்த தன்மையுள்ள இரண்டு ஊர்களில் ஒன்றில் சுவர் எழுதுக, மற்றொன்றை விட்டுவிடுக. எழுதுவதற்கு முன் நான்கு வாரமும், எழுதிய பின் நான்கு வாரமும் இரண்டு ஊர்க் கடைகளின் விற்பனையையும் தனித்தனியே குறித்து வருக. பொங்கல், தீபாவளி போன்ற பண்டிகை வாரங்களை இதற்குள் கொண்டுவராதிருக்க. எழுதிய ஊரில் மட்டும் விற்பனை உயர்ந்தால் சுவர் பலித்தது என்று கொள்ளலாம். இரண்டிலும் ஒன்றுபோல் உயர்ந்தால் அது பருவத்தின் பலன். சுவருக்கு அதில் பங்கில்லை. இதனோடு, கடைக்குப் புதிதாக வருபவரிடம் "எங்கே தெரிந்துகொண்டு வந்தீர்கள், ஐயா?" என்று கேட்டு ஒரு கோடு போட்டு வைத்தால், கணக்கு இன்னும் திடமாகும்.

பெருஞ்சாலைப் பலகை எங்கும் பயனற்றது என்று நாம் கூறவில்லை. நிறுவனத்தின் கடையே அச்சாலையில் இருந்து, 'இன்னும் ஒரு கிலோமீட்டரில் நல்லெண்ணெய்' என்று பலகை வழி காட்டுமாயின், வழிப்போக்கர் யாவருமே வாங்கக்கூடியவர் ஆகின்றனர். பத்தில் ஒன்று என்று நாம் கழித்த கழிவு அங்கே பொருந்தாது. அத்தகைய இடத்தில் பலகை தன் வாடகையை ஈட்டித் தரக்கூடும். அதையும் எண்ணிப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

கணக்கில் வராத செலவு

வாடகைச் சீட்டில் எழுதப்படாத செலவு ஒன்றும் உண்டு. 2023-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதியன்று, கோவை மாவட்டம் கருமத்தம்பட்டி அருகே, விளம்பரப் பலகையின் இரும்புச் சட்டத்தை நிறுத்திக்கொண்டிருந்தபொழுது அது சரிந்து தொழிலாளர் மூவர் உயிரிழந்தனர். 2024-ஆம் ஆண்டு மே 13-ஆம் தேதி மும்பை நகரின் காட்கோபரில் ஒரு பெரிய பலகை புயற்காற்றில் பெட்ரோல் நிலையத்தின் மேல் விழுந்து 17 பேர் மாண்டனர். 40 அடிக்கு 40 அடிக்கு மேல் அனுமதியில்லாத நகரில் அது 120 அடிக்கு 120 அடியாக நின்றது. பலகை பெரிதாகப் பெரிதாகப் பார்ப்போர் தொகை அதே அளவில் பெருகுவதில்லை. காற்றின் விசையோ பரப்புக்கு ஏற்பப் பெருகுகிறது. சாலையோர நிலத்தைப் பலகைக்குக் குத்தகை விடும் விவசாயிகளும் இதனை மனத்தில் கொள்ள வேண்டும். உரிமம் உள்ளதா, அஸ்திவாரத்தைப் பொறியாளர் பார்த்தாரா, விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பவற்றை எழுத்தில் பெறாமல் ஒரு குழிகூடத் தோண்ட இடம் கொடுக்கலாகாது. சுவர் எழுதுவோரும் உரியவரின் எழுத்து மூலமான சம்மதத்தைப் பெற்ற பின்பே சுண்ணாம்பு பூச வேண்டும்.

நமக்கும் பொருந்தும்

ஊருக்கு உபதேசம் செய்யும் நாம் நம் இலாகாவின் வழக்கத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மண் பரிசோதனை, விதை நேர்த்தி, பயிர்க் காப்பீடு முதலியவற்றைப் பற்றிய பலகைகளை அலுவலக வாயில்களிலும் விழா மேடைகளின் பக்கத்திலும் நட்டால், அவற்றை வாசிப்போர் பெரும்பாலும் உத்தியோகஸ்தர்களாகவே இருப்பர். பயிர்க் காப்பீட்டுக்குக் கெடுத் தேதி கடந்த பின் அதன் பலகையைப் பார்க்கும் விவசாயிக்கு அதனால் வருவது மனவருத்தமே. பணம் செலவான ரசீதும், பலகை நின்ற புகைப்படமும் கோப்பில் இருந்தால் வேலை முடிந்தது என்று கொள்வது தவறு. மண் பரிசோதனைப் பலகை ஒன்று நட்டால், அடுத்த இரண்டு மாதத்தில் அந்த ஊரிலிருந்து எத்தனை மண் மாதிரிகள் வந்தன, பலகையில்லாத பக்கத்து ஊரிலிருந்து எத்தனை வந்தன என்ற இரண்டு எண்களையும் அதே கோப்பில் எழுத வேண்டும். நெல் கொள்முதல் நிலையத்துக்கு எதிரேயும், கூட்டுறவுச் சங்கத்தின் உரக் கிடங்குச் சுவரிலும், பால் ஊற்றும் இடத்திலும், விதைப்புக்கு மூன்று வாரம் முன்பே எழுதினால் அவ்வெண்கள் எவ்வளவு மாறுகின்றன என்பதைப் பரீட்சித்துப் பார்க்கலாம்.

ஆகவே, விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்கும் ஒவ்வொரு நிறுவனமும், தீர்மானத்தைப் புத்தகத்தில் எழுதும் முன், மூன்று நாள் எண்ணிய குறிப்பும், பயனுள்ள ஒரு பார்வைக்கு ஆகும் விலையும், முன்னும் பின்னும் நான்கு வார விற்பனைக் கணக்கு எடுக்கும் ஏற்பாடும் தன் முன்னே இருக்கிறதா என்று பார்ப்பது நலம். இம்மூன்றும் இல்லாமல் பலகை கேட்டு வரும் தீர்மானத்தை உறுப்பினர்கள் பொதுக்கூட்டத்தில் எழுந்து தாராளமாக ஆட்சேபிக்கலாம். அது அவர்கள் பணம். எண்ணிச் செலவிடும் நிறுவனம் சிறு தொகையிலும் தன் பெயரை நிலைநிறுத்தும் என்பதே எமது திடமான அபிப்பிராயம்.